சோற்றுக்கு நடுவில்

பள்ளிக்கூடத்தால் சுற்றுலா போகிறார்கள் என்று பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வந்த அன்று எங்கள் வளவில் ஒருத்திக்கு மட்டும் முகம் இருண்டுபோனது. அவள் என் தங்கை றபீக்கா. மதியச் சோற்றைப் பார்சலாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும், சாப்பாட்டுப் பெட்டி கூடாது, தின்று முடிந்ததும் எறிந்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். விளையாட்டுப் போட்டி அன்று பிள்ளைகள் பெட்டிகளைத் தொலைத்துவிட்டு வர, தாய்மார் வாசலில் போய் நின்று ரீச்சர்மாரை ஒரு பாட்டம் ஏசியிருந்தார்கள். அதனால் வந்த சட்டம் இது. நானும் அன்று ஏசியவர்களில் ஒருத்திதான்.

நான் அவளுடைய ராத்தா, சுஹறா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று கல்முனையில் பாதிப்பேர் சொல்வார்கள். மீதிப்பேர் என் முன்னால் சொல்வதில்லை, அவ்வளவுதான். என் பிள்ளைகள் எதைப் போட்டாலும் தின்பார்கள். நேற்றைய சோறு, முந்தநாள் கருவாட்டுக் கறி, அடிப்பிடித்த புட்டு, எல்லாம் உள்ளே போகும். அதனால் றபீக்காவின் மகள் பஸ்லியாவின் சாப்பாட்டுக் கூத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கூத்து என்று சும்மா சொல்லவில்லை. வெள்ளைச் சோற்றில் பருப்பின் மஞ்சள் ஒரு சொட்டுப் பட்டால் போதும், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவாள். மீன் என்றால் எழும்பியே போய்விடுவாள். முட்டையில் வெள்ளை ஆகாது, மஞ்சள் கரு மட்டும் ஆகும். உருளைக்கிழங்கு பொரித்தால் தின்பாள், குழம்பில் போட்டால் தின்னமாட்டாள். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்தாலும் தன் கையால் எடுத்து வாயில் வைக்கமாட்டாள். உம்மாதான் தீத்த வேண்டும். நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் றபீக்கா சோற்றை உருட்டி உருட்டி வாயில் தீத்துவாள். இடைவேளைக்கு என்று கொடுத்துவிடுகிற பணிஸ் அப்படியே திரும்பி வரும்.

அந்தத் தீத்துதலில் ஒரு விளையாட்டும் இருந்தது. கடைசி உருண்டைக்குள் றபீக்கா எதையாவது ஒளித்துவைப்பாள். கொஞ்சம் மஞ்சள் கரு, ஒரு துண்டுப் பொரித்த கிழங்கு, சில நாள் ஒரு சிட்டிகைச் சீனி. பிள்ளை மென்றுகொண்டிருக்கும்போது, "நடுவுல என்ன?" என்று கேட்பாள். பஸ்லியா கண்ணை மூடிக்கொண்டு யோசித்துச் சொல்லுவாள். சரியாகச் சொன்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தக் கடைசி உருண்டையின் ஆசையில்தான் முன்னால் போன உருண்டைகளெல்லாம் இறங்கும்.

நான் எவ்வளவோ ஏசியிருக்கிறேன். "பட்டினி கிடக்க உடுகா. பசிச்சா தானாத் திம்பாள்" என்பேன். றபீக்கா அடுத்த உருண்டையை உருட்டுவாள். அவள் பிள்ளையைச் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை ஏசமாட்டாள் என்பதற்குக் காரணம் எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்றும் இந்தக் கூத்துத்தான் நடந்தது. அப்போது பஸ்லியாவுக்கு நாலு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, கடலோரத்தில் இருந்த அவர்களுடைய வீட்டில். றபீக்காவின் மாப்பிள்ளை, பஸ்லியாவின் வாப்பா நிப்றாஸ் இளைய கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தார். புட்டைக் கண்டதும் பஸ்லியா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கோப்பையோடு றபீக்கா பின்னால் ஓடினாள். ஒழுங்கையால் ஓடி, அடுத்த ஒழுங்கைக்குள் பாய்ந்து, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கெஞ்சிக் கெஞ்சி மேற்கே பெரிய தெருவரைக்கும் வந்துவிட்டார்கள். என் வீடு அந்தத் தெருவில்தான். கோப்பையும் கையுமாக இவள் என் வாசலில் வந்து நிற்கிறாள், கடற்கரைப் பக்கத்திலிருந்து சனம் கத்திக்கொண்டு ஓடிவருகிறது.

நிப்றாஸை மறுநாள் எடுத்தார்கள். கைக்குழந்தை கிடைக்கவே இல்லை. எங்கள் வாப்பா பக்கீர் முகைதீன் வயல் செய்து வயல் செய்து றபீக்காவுக்கென்று கட்டிக்கொடுத்த வீட்டில் மிஞ்சியது கிணற்றுக்கட்டு மட்டும். இப்போது சொல்லுங்கள், சொன்னபடி உட்கார்ந்து தின்கிற பிள்ளையாக அவள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைத்துத்தான் றபீக்கா ஏசமாட்டாள். எனக்கும் ஏசிவிட்டுப் பிறகு நெஞ்சு சுடும்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் என் வளவுக்குள் தகரத்தால் அடித்த ஒரு கொட்டிலில் இருந்தார்கள். கடலோரத்தில் இனி வீடு கட்டக்கூடாது என்றார்கள். வேறிடத்தில் கட்டித் தருவார்கள் என்றார்கள். வந்து அளந்துகொண்டு போனார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தகரம் துருப்பிடித்ததுதான் மிச்சம். யுத்தம் முடிந்துவிட்டது என்று சந்தியில் வெடி கொளுத்திய அன்றும் றபீக்கா மழைக்கு ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து பெண்ணுடைய வீட்டில் இருப்பார். பெண் குழந்தை பிறந்த அன்றே கல்லும் சீமெந்தும் யோசிக்கத் தொடங்குகிற ஊர் இது. வாப்பா இல்லாத, வீடு இல்லாத பிள்ளையை யார் கேட்டு வருவார்கள்? பஸ்லியா இப்போது சின்னவள்தான். ஆனால் வீடு ஒரு நாளில் முளைக்கிற சாமானா? மெஷினில் சட்டை தைத்து வீடு கட்ட முடியாது என்று றபீக்காவுக்கு விளங்கிய அன்று சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஏற்பாட்டைத் தொடங்கினாள். பாஸ்போட் வந்தது. விசா வந்தது. போகிற நாளை மட்டும்தான் அவள் சொல்ல வேண்டியிருந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் கத்திக் குளறி உம்மாவைப் போக விடமாட்டாள் என்று மறைத்து வைத்திருந்தோம். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள்.

"ராத்தா, நான் போனா இவள் என்ன செய்வாள்?" என்று றபீக்கா கேட்காத நாளில்லை. "நான் தீத்துறன்" என்பேன். "உங்கட கையால திண்டாளா ஒரு நாளாவது?" என்பாள். உண்மைதான். இரண்டொரு தரம் முயன்று பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

சுற்றுலாச் செய்தி வந்த அன்று பின்னேரம் றபீக்கா அடுப்படிக்குள் வந்து என் காதோடு சொன்னாள். "ராத்தா, நான் மனசுல நிய்யத்து வெச்சிட்டன். சுற்றுலா அன்டைக்கு அவள் தன்ட கையால திண்டாள் எண்டா நான் போறன். தின்னல்ல எண்டா அந்த விசாவக் கிழிச்சி அடுப்புல போட்டுடுவன். கொட்டிலுக்குள்ளயே கிடந்து மௌத்தாகுவம்."

விசாவை அடுப்பில் போடுகிறவளா இவள் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அன்றிலிருந்து கொட்டிலுக்குள் ஒத்திகை. கடையில் லஞ்ச் சீற் கட்டு ஒன்று வாங்கிவந்தாள், சோறு சுற்றுகிற மெல்லிய பொலித்தீன் தாள். ஒவ்வொரு நாளும் மதியம் சோற்றைச் சின்னப் பார்சலாகக் கட்டிப் பிள்ளையின் கையில் கொடுப்பாள். "நான் ரீச்சர், நீங்க சுற்றுலா வந்திரிக்கீங்க. பார்சலத் தொறங்க பாப்பம்" என்பாள். பஸ்லியா அழகாகத் திறப்பாள். றப்பர் வளையத்தைக் கழற்றிக் கையில் வளையல் மாதிரிப் போட்டுக்கொள்வாள். பத்திரிகைத் தாளை மடித்து ஓரமாக வைப்பாள். சோற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தாளோடு தூக்கி உம்மாவின் மடியில் வைத்துவிட்டு, "நீங்க தீத்துங்க" என்பாள். கடைசி நாள் ஒத்திகையில் மட்டும் இரண்டு பருக்கையை நுள்ளி வாயில் போட்டாள். றபீக்கா ஓடிவந்து அதை எனக்குச் சொன்னபோது அவளுடைய கண் கலங்கியிருந்தது. இரண்டு பருக்கைக்கு இவ்வளவா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போகிற இடம் இங்கினியாகலைக் குளம். யுத்த காலம் முழுக்க அந்தப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக யாருக்கும் துணிவில்லை. இப்போது பாதை திறந்துவிட்டதாம், பயமில்லையாம். என் மகள் சுல்பிகாவும் பஸ்லியாவும் ஒரே வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் பார்சல் கட்டினோம்.

என் மகளின் பார்சலை நான் கட்டிய விதத்தைச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு, மீன் பொரியல், பருப்பு, சம்பல், மடி, கட்டு, முடிந்தது. றபீக்கா கட்டியதைத்தான் பார்த்திருக்க வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டுச் சம்பாச் சோறு வடித்து, ஆறவிட்டாள். சூட்டோடு கட்டினால் வேர்த்து, சோறு நனைந்துவிடும், நனைந்த சோற்றைப் பிள்ளை தொடமாட்டாள். வாழை இலையை நெருப்பில் வாட்டித் துடைத்து லஞ்ச் சீற்றின் மேல் விரித்தாள். கிழங்கைப் பொரித்து எண்ணெய் வடியத் தாளில் போட்டு, அதற்கென்று தனியாக ஒரு துண்டு இலை மடித்தாள். சோற்றில் எண்ணெய் படக்கூடாதாம். அவித்த முட்டையை நூலால் வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து அதற்கும் ஒரு மடிப்பு. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொழும்புக் கோட்டலுக்கா அனுப்புறாய்?" என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை.

கடைசியாகச் சோற்றின் நடுவில் குழிபறித்து, ஒரு சின்ன இலைத்துண்டில் சுற்றிய தொதலை உள்ளே வைத்து, பிஸ்மி சொல்லி மூடினாள். முந்தின நாள் அதற்கென்றே மருதமுனைக்குப் போய்வந்திருந்தாள். பஸ்லியாவுக்குத் தொதல் என்றால் உயிர். இனிப்புக்குப் பக்கத்தில் சோறா என்று முகத்தைச் சுளித்தேன். ஆனால் அவள் அதை வைத்த விதத்தைப் பார்த்தபோது, தின்றுவிடு பிள்ளை, அல்லாஹ்வுக்காகத் தின்றுவிடு என்று என் மனமும் கேட்டது.

பஸ்ஸில் ஏற்றும்போது றபீக்கா மகளின் காதில், "நடுவுல ஒரு சாமான் இரிக்கி. உம்மா செல்லமாட்டன். திண்டு பாத்துட்டு வந்து நீங்க செல்லுங்க" என்றாள். பஸ்லியா தலையாட்டினாள்.

அன்று முழுக்க றபீக்கா ஒரு வேலையும் செய்யவில்லை. மெஷினில் துணியைப் போட்டு ஊசியை இறக்கியவள் அப்படியே இருந்தாள். மதியம் நான் சோறு போட்டுக் கொடுத்தபோது, "இப்ப தொறந்திரிப்பாள், என்ன ராத்தா?" என்றாள். அவளும் தின்னவில்லை. பார்சல் கட்டுகிற சாப்பாட்டில் ஒரு கெடுதி இருக்கிறது. பெட்டி என்றால் திரும்பி வரும், திறந்து பார்த்தால் தின்றது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று தெரியும். பார்சல் திரும்பி வராது. பிள்ளை வந்து சொல்வதுதான் கதை.

பொழுது சாய, மஃரிபுக்குச் சற்று முன்னால் பஸ் வந்தது. பஸ்லியா இறங்கி ஓடிவந்து உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கையில் றப்பர் வளையம் இருந்தது.

"உம்மா, எல்லாத்தையும் திண்டுட்டன்!"

றபீக்காவின் முகத்தை நான் பார்த்தேன். கடல் வந்ததற்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. பிள்ளையைத் தூக்கி, நெற்றியிலும் கன்னத்திலும் கொஞ்சிக்கொண்டே கொட்டிலுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். குளம் எப்படி, குரங்கு கண்டீங்களா, பஸ்ஸில் சத்தி எடுத்தீங்களா என்றெல்லாம் கேட்டாள். நடுவுல என்ன என்று மட்டும் கேட்கவில்லை. பிள்ளையும் சொல்லவில்லை.

என் வீட்டில் சுல்பிகா உடுப்பு மாற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். "உம்மா, பஸ்லியா ஒண்டுமே தின்னல்ல. குளத்தப் பாத்து இது கடலா, இது கடலா எண்டு கேட்டுக்கிட்டே இருந்தாள். ரீச்சர் இல்லெண்டு செல்லியும் கேட்டாள். பார்சல மடியில வெச்சிக்கிட்டு றப்பர மட்டும் கழட்டினாள். குப்பை போடுற பேக் வந்த உடன முழுசா அதுக்குள்ள போட்டுட்டாள். ரீச்சர் வெறும் தாள் எண்டு நெனச்சி, பஸ்லியாவப் பாருங்க, எல்லாருக்கும் முந்தித் துப்புரவாத் திண்டு முடிச்சிரிக்கா எண்டு கை தட்டச் சென்னாங்க. எல்லாரும் கை தட்டினம்."

"நீ ஏன்டி ரீச்சர்ட்டச் செல்லல்ல?"

"செல்லாத எண்டு கையப் புடிச்சிக்கிட்டு அழுதாள். தின்னல்லெண்டு தெரிஞ்சா அவள்ற உம்மா அழுவாங்களாம்."

நான் அப்படியே வளவைக் கடந்து கொட்டிலுக்குப் போனேன். பிள்ளை அலுப்பில் தூங்கிவிட்டிருந்தாள். றபீக்கா பயணப் பையைத் திறந்து வைத்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்க முதல் அவளே கேட்டாள்.

"சுல்பிகா ஏதும் சென்னாளா?"

 நீண்ட வாய்க்காரிக்கு அன்று வாய் வரவில்லை.

"செல்லாதங்க ராத்தா," என்றாள். "நான் கேக்கல்லதானே. கேட்டா அவள் பேந்தப் பேந்த முழிப்பாள். எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா நான் போக ஏலா. போகாட்டி இவளுக்கு ஊடு யாரு கட்டுற?"

மடித்த சட்டையை மறுபடி விரித்து மறுபடி மடித்தாள். அந்தப் பிள்ளை உம்மாவைச் சந்தோசப்படுத்தத்தான் பொய் சொன்னாள். உண்மையைச் சொல்லியிருந்தால் உம்மா வீட்டிலேயே இருந்திருப்பாள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நாங்கள்தான் மறைத்து வைத்திருந்தோமே. எனக்கு அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து குளற வேண்டும்போல இருந்தது. பிள்ளை எழும்பிவிடுவாள் என்று வெளியே வந்துவிட்டேன்.

போகிற அன்று காலை றபீக்கா மகளுக்குப் புட்டுத் தீத்தினாள். கடைசி உருண்டையை வாயில் வைத்துவிட்டு, "நடுவுல என்ன?" என்றாள். "சீனி!" என்றாள் பஸ்லியா. வழக்கம் போல இரண்டு பேரும் சிரித்தார்கள். பிள்ளை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஒழுங்கை முடக்கில் அவள் மறைந்ததும் வான் வந்து நின்றது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கொட்டிலைப் பார்த்தாள், ஆளில்லாத மெஷினைப் பார்த்தாள். கத்திக் குளறுவாள் என்று பயந்தோமே, ஒரு சத்தமும் வரவில்லை. தேத்தண்ணியில் பிஸ்கட் நனைத்துத் தின்பாள். சோறு என்றால் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் ஏசினேன், கெஞ்சினேன், ஒரு நாள் கன்னத்தைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் தீத்தினேன், எல்லாவற்றையும் சத்தி எடுத்தாள். ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, உம்மா எங்கே என்று கேட்டார். அவளுடைய கை என் இரண்டு விரலுக்குள் அடங்குகிற அளவுக்கு மெலிந்துவிட்டது. என் பிள்ளைகள் கோப்பையை வழித்துத் தின்னும்போது எனக்கு அவர்கள் மேலேயே கோபம் வந்தது.

றபீக்கா வெள்ளிக்கிழமைகளில் சவூதியிலிருந்து போன் எடுப்பாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "திண்டாளா?" நான், "ஓம், திண்டாள்" என்பேன். வேறு என்ன சொல்ல? அவ்வளவு தூரத்திலிருந்து அவள் என்ன செய்ய முடியும்? ஒரு தரம் அவள், "இங்க ஊட்டுக்கார மேடத்துட சின்னப் புள்ளைக்கு நான்தான் தீத்துற, ராத்தா. அது எதக் குடுத்தாலும் திங்கிது" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

போன வெள்ளிக்கிழமை போன் அடித்தபோது பஸ்லியா கோப்பைக்கு முன்னால்தான் இருந்தாள். வெள்ளைச் சோறு, தனியாகப் பொரித்த கிழங்கு, தனியாக மஞ்சள் கரு. றபீக்கா செய்தது போலவே, ஒன்றில் ஒன்று படாமல் வைத்திருந்தேன். கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் கொடுத்தேன். கேட்காத கேள்விக்கே பதில் சொன்னாள்.

"உம்மா, எல்லாத்தையும் திண்டுட்டன்."

அதே குரல், பஸ்ஸால் இறங்கி ஓடிவந்த அன்று கேட்ட அதே குரல்.  பிறகு றபீக்காவின் சத்தம் எனக்கும் கேட்கும்படி வந்தது.

"நடுவுல என்ன இருந்திச்சி, மகள்?"

பஸ்லியா என்னைப் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்தபடியே, மற்றக் கையால் கோப்பையிலிருந்த சோற்றை மெதுவாக நடுவில் பிரித்துப் பார்த்தாள். அடி வரைக்கும் பிரித்துப் பார்த்தாள்.

நான் அதற்குள் ஒன்றும் வைத்திருக்கவில்லை.